ஒரு கல்லு குறையுது

எவன் சொன்னாலும் இந்தப் பையை மேல வைக்க மாட்டேன். நீ ஏம்மா முழிக்கிற, உன்னைச் சொல்லலை. அந்தக் கண்டக்டரைச் சொல்றேன். திருச்சியில ஏறினதுலருந்து மூணு தடவை வந்துட்டான். "பெரியம்மா, பையை மேல வையி. பெரியம்மா, பையை சீட்டுக்கு அடியில தள்ளு." என் மடி, என் பை. அவன் தலையிலயா வச்சிருக்கேன்? உனக்கு இடிக்குதுன்னா சொல்லு, இன்னும் கொஞ்சம் சன்னல் பக்கம் ஒதுங்கிக்கிறேன்.

உள்ள என்னன்னு தானே பாக்கிற? கல்லு. செங்கல்லு. அட, சிரிக்காத. திருப்பூருல செங்கல்லே கெடைக்கலையான்னு அவனும் இப்படித்தான் இளிச்சான். இது நீ பாக்கிற சூளைக் கல்லு இல்லை. ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம், நாலு விரக்கடை கனம். தூக்கிப் பாரு. வேண்டாம், வேண்டாம், கையை எடு. நீ தொடக் கூடாது. ஏன்னு சொல்றேன். காங்கேயம் வரைக்கும் வருவேல்ல? அது போதும்.

என் பேரு தையல்நாயகி. ஊருல தையலும்பாங்க. பெரம்பலூருக்கு மேக்கால, மலையடிவாரத்துல ஆவாரங்காடுன்னு ஊரு. நூத்திப் பத்து வீடு, அம்புட்டும் ஆட்டுக்காரங்க. ஊரைத் தாண்டினா காடு. காட்டுக்குள்ள ஒரு மணி நேரம் நடந்தா ஒரு மேடு. மேடு பூராவும் இந்த மாதிரிக் கல்லு. நடுவுல எங்க சாமி, கண்ணுமூடியாரு. சம்மணம் போட்டு, மடியில கை மேல கை வச்சு, கண்ணை மூடி உக்காந்திருப்பாரு. கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவருக்குத்தான்.

இப்பப் போன வருசம் ஜீப்புல வந்தாங்க, தோண்டுற ஆபீசுக்காரங்க. பேப்பர்ல போட்டிருந்துச்சாம், காட்டுக்குள்ள ஆயிரம் வருசத்துப் புத்த மடம் கண்டுபிடிப்புன்னு. கண்டுபிடிச்சாங்களாம்! தொலைஞ்ச பொருளைத்தான்மா கண்டுபிடிப்பாங்க. நாங்க எங்க தொலைச்சோம்? வருசா வருசம் மாசி மாசம் எண்ணெய் தடவிப் பொங்க வைக்கிறோம். எனக்கு வந்துச்சு பாரு கோவம்.

அந்தம்மா பேரு ரெஜினா. மேடம் மேடம்னு கூப்பிடுவாங்க. தொப்பி போட்டுக்கிட்டு, ஒரு சின்ன பிரஷ்ஷை வச்சு மண்ணைத் தள்ளித் தள்ளி, இது பிக்குங்க தூங்குன அறை, இது நடக்கிற தாழ்வாரம், இது பாடம் படிச்ச எடம்னு காட்டுச்சு. உங்க சாமி புத்தர்னு சொல்லுச்சு. "அவரு என்ன சொன்னாரு?"ன்னு கேட்டேன். அது இதுன்னு நாலஞ்சு சொல்லிட்டு, "பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு"ன்னுச்சு. "அட, இதுக்கா பட்டணத்துலருந்து வந்தீங்க, இது எங்க ஊரு ஆட்டுக்குட்டிக்கே தெரியுமே"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சுச்சு. சிரிச்சதுல எனக்குக் கொஞ்சம் கோவம் கொறைஞ்சுது, நெசமாச் சொல்றேன்.

விசயம் என்னன்னா, எங்க ஊருல போலீசு, கோர்ட்டு எல்லாம் கெடையாது. ஒருத்தி மேல ஒருத்தி குத்தம் சொன்னா, ரெண்டு பேரும் கண்ணுமூடியாரு முன்னாடி போகணும். மேட்டுலருந்து ஆளுக்கு ஒரு கல்லை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு, நான் செய்யலைன்னு ஊரு கேக்கச் சொல்லணும். சொல்லிட்டா அந்தக் கல்லு உன்னுது. வீட்டுக்குக் கொண்டாந்து அடுப்பங்கரைச் சுவத்துல பதிக்கணும். தெனமும் நீ சோறாக்கயில அது உன்னைப் பாத்துக்கிட்டே இருக்கும். பின்னால நீ சொன்னது பொய்யின்னு ஆச்சுன்னா, கல்லைப் பேத்தெடுத்து, நீ யாருக்கு எதிராச் சத்தியம் பண்ணினியோ அவ கையில நீயே கொண்டு போய்க் குடுக்கணும். இடையில வேற எவ கையும் படக் கூடாது. அதான் உன்னைத் தொடாதன்னேன்.

எங்க ஊருல 'அவ கல்லைத் திருப்பினவ'ன்னு சொல்லிட்டா, அதை விடக் கேவலம் ஒண்ணு இல்லை. எவனும் அந்த வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டான், பொண்ணு குடுக்க மாட்டான்.

இது தெரியாம அந்தம்மா என்ன பண்ணுச்சு? ஆட்டோவுல மைக்கு கட்டி விட்டுருச்சு. "காட்டிலிருந்து எடுத்துச் சென்ற செங்கற்களைப் பொதுமக்கள் திருப்பி ஒப்படைக்கவும்." ஊரே வாசலுக்கு வந்துருச்சு. கல்லைத் திருப்புறதா! நூத்திப் பத்து வீட்டுலயும் பொய்க்காரங்களா இருக்கோம்? ஊர்ப் பெரியவரு வேம்பையன் ஆட்டோக்காரன் கையிலருந்து மைக்கைப் புடுங்கிட்டாரு. மறு நாளு ஜீப்பு வந்துச்சு. நான் போயி ஜீப்பு முன்னாடி காலை நீட்டிப் போட்டு உக்காந்துட்டேன். "ஏத்துறதுன்னா ஏத்து. என் கல்லு என் சுவத்துலருந்து வராது"ன்னேன். என்னைப் பாத்து எல்லாப் பொம்பளைங்களும் வெளக்கமாத்தோட வந்து உக்காந்தாங்க. அவுங்களா உக்காரலை. நான் உக்காந்தேன், அப்பறம்தான் உக்காந்தாங்க. எழுதுறவங்க யாராச்சும் இதை எழுதினா முதல்ல என் பேரைப் போடணும்.

என் கல்லு எதுக்கு வந்த கல்லுன்னு தானே கேக்கிற? கேக்கலையா? பரவால்லை, சொல்றேன்.

இருபத்தாறு வருசம் ஆச்சு. பங்குனி மாசம், காஞ்ச காடு. நானும் எங்க கொழுந்தன் பொண்டாட்டி பவுனும் அந்தப் பக்கம் மேய்ச்சலுக்குப் போயிருந்தோம். பவுனாம்பாள்னு பேரு, பவுனும்போம். நானும் அவளும் ஒரே தூக்குவாளியில கஞ்சி குடிச்சவங்க. அன்னைக்குக் காட்டுல தீ புடிச்சுருச்சு. காத்து தூக்கிட்டுப் போயி வேம்பையன் பட்டியில போட்டுருச்சு. நாப்பது குட்டி. கட்டிப் போட்ட குட்டிங்க, ஓட முடியுமா? அதுங்க கத்தின கத்து இருக்கே, அதை விடு. ஊரு திரண்டு வந்து, யாரு வச்சதுன்னு கேட்டாங்க. அந்தப் பக்கம் இருந்தது நாங்க ரெண்டு பேரு.

இந்தா பாரு, பங்குனியில காஞ்ச புல்லைக் கொளுத்துறது எல்லா ஆட்டுக்காரியும் செய்யிறதுதான். ஒரு மழை பேஞ்சா அந்த எடத்துல பச்சையாப் புல்லு கெளம்பும், ஆட்டுக்குப் பாலு ஊறும். வெளியில சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான். தீப்பெட்டி எல்லார் மடியிலயும் இருக்கும். மேக்கால அடிச்ச காத்து திடீர்னு திரும்பினா யாரு என்ன பண்ண முடியும்? பொதுவாச் சொல்றேன்.

தீயைப் பாத்துட்டு ஓடி வர்றோம், எனக்கு மூச்சு முட்டுது. அப்ப நான் ஏழு மாசம். பவுனு என் கையைப் புடிச்சுக்கிட்டே வந்தா. ஊரு தெரியிற எடத்துல நின்னு என் வயித்துல கையை வச்சு, "அக்கா, உள்ள புள்ளை இருக்குக்கா"ன்னா. எனக்குத் தெரியாதா? சம்பந்தமில்லாம எதுக்கு அதைச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் நெனைச்சுக்கிட்டு இருக்கேன்.

மறு நாளு கண்ணுமூடியாரு முன்னாடி நிறுத்தினாங்க. நான் மூத்தவ, முதல்ல போனேன். கல்லை எடுத்தேன், தலையில வச்சேன். "இந்தத் தீயை நான் வைக்கலை"ன்னு சொன்னேன். கணீர்னு சொன்னேன். கடைசியில நின்னவனுக்கும் கேட்டுச்சு. அப்பறம் பவுனைக் கூப்பிட்டாங்க. அவ நகரலை. "கல்லை எடு பவுனு"ங்கிறாரு வேம்பையன். எடுக்க மாட்டேங்கிறா. "அப்ப நீதான் வச்சியா?" வாயைத் திறக்க மாட்டேங்கிறா. தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. அம்புட்டுதான். குத்தம் செய்யாதவ ஏம்மா வாயைத் திறக்கலை? நீயே சொல்லு. நாலு வார்த்தை சொல்ல என்ன வந்துச்சு அவளுக்கு? ஊரு அவளைத் தள்ளி வச்சுது. தண்ணி எடுக்க விடலை. அந்த மாசமே என் கொழுந்தனும் அவளும் மூட்டையைக் கட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டாங்க, பனியன் கம்பெனிக்கு.

எங்க வீட்டுக்காரரு தம்பியைப் பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு வந்தாரு. அன்னையிலருந்து அடுப்பங்கரைக்குள்ள உக்காந்து சாப்பிட மாட்டாரு. வாசல்லதான் தட்டு. கேட்டா, காத்து வேணுமாம். மழையில கூட வாசல்லதான். அவரு ஒரு மாதிரி ஆளு, விடு.

எங்க விட்டேன்? ஜீப்பு. அந்தம்மா ஜீப்பை விட்டு எறங்கி வந்து, எங்களோட தரையில உக்காந்துச்சு. பொழுது சாயிற வரைக்கும் உக்காந்து, கல்லு கதையெல்லாம் ஒண்ணு விடாமக் கேட்டுச்சு. கடைசியில கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பு என்னுது, வெவரம் தெரியாம மைக்கு வச்சுட்டேன். நீங்க எனக்குத் திருப்ப வேணாம். அவரு உக்காந்திருக்கிற மேடை சரிஞ்சுக்கிட்டு இருக்கு, அடுத்த மழைக்குத் தாங்காது. மேடையைக் கட்ட அந்தக் கல்லுதான் வேணும், புதுக் கல்லு ஒட்டாது; மேட்டுல மிச்சம் இருக்கிறது அறைச் சுவரு, அதைப் பேக்க முடியாது. குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

அதட்டியிருந்தா ஜெயிச்சிருப்போம். கும்பிட்டுட்டுப் போயிருச்சே! ஊருக்குக் கை கால் ஓடலை. சாமி சரிஞ்சு விழுந்தா யாரு பொறுப்பு? மூணு நாளு கூடிக் கூடிப் பேசினாங்க. வேம்பையன் ஒரு வழி சொன்னாரு. "ஒருத்தர் திருப்பினாத்தான் அசிங்கம். ஊரே ஒரே நாள்ல, மேளத்தோட, மஞ்சத் தண்ணி ஊத்திக் கொண்டு போவோம். அது திருப்புறது இல்லை, சாமிக்கு மேடை கட்டுறது." எல்லாருக்கும் மனசு ஆறிருச்சு. ஆவணி மாசம் வெள்ளிக்கெழமை, நூத்தி ஒம்பது வீட்டுலருந்தும் தலையில கல்லைச் சுமந்துக்கிட்டுப் போனாங்க. சில வீட்டுல மூணு கல்லு, நாலு கல்லு, பாட்டன் காலத்துக் கல்லு. சிரிச்சுக்கிட்டே போனாங்க.

நான் குடுக்கலை.

"எல்லாரும் குடுக்கிறாங்க தையலு, கூட்டத்தோட கூட்டம், யாரு பாக்கப் போறா?"ன்னாங்க. மாட்டேன்னேன். "என் சத்தியம் என் சத்தியம். மேளத்தோட போனாலும் திருப்புறது திருப்புறதுதான்"னேன். அவுங்களுக்கு அது வெறும் கல்லு, தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு அப்படியா? மேடையைக் கட்டி முடிச்சதும் அந்தம்மா வந்து சொல்லுச்சு, "அக்கா, கணக்காப் பொருந்திருச்சு, மேல் வரிசையில மட்டும் ஒரு கல்லு குறையுது. எடம் விட்டு வச்சிருக்கேன்." போயிப் பாத்தேன். சாமி காலுக்கு நேராக் கீழே, பல்லு விழுந்த வாய் மாதிரி ஒரு ஓட்டை. ஓட்டை கெடந்தாக் கெடக்கட்டும்னு வந்துட்டேன்.

இப்பக் கேளு கூத்தை. ஊரு என்னை ஏசும்னு பாத்தேன். ஏசலை. கொண்டாடுச்சு! "அத்தனை பேரும் குடுத்தோம், தையலு மட்டும் அசையலை பாரு. அதுதான்டா சத்தியம்"னு வேம்பையனே பேசுறாரு. நாப்பது குட்டியைப் பறிகொடுத்த மனுசன்! மேட்டைச் சுத்திக் கம்பி வேலி போட்டாச்சு, இனி அங்க கல்லு எடுக்க முடியாது. ஊருல மிச்சம் இருக்கிற சத்தியக் கல்லு என் அடுப்பங்கரையில இருக்கிறது ஒண்ணுதான். அதனால என்னாச்சு? சண்டை போட்டவங்கள்லாம் சத்தியம் பண்ண என் வீட்டுக்கு வர ஆரம்பிச்சுட்டாங்க.

முதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். சுவத்தைச் சாணி போட்டு மெழுகி, கல்லுக்குப் பொட்டு வச்சேன். எங்க வீட்டுக்காரரு அதைப் பாத்துட்டு, தட்டை எடுத்துக்கிட்டு வாசலையும் தாண்டித் தெருவுல போயி உக்காந்துட்டாரு.

போன செவ்வாக்கெழமை. மேலத்தெருவுல ஒரு வீட்டுல மாமியாரு மூக்குத்தி காணோம். மருமகளுங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரையும் என் அடுப்பங்கரைக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க. வீடு கொள்ளாத கூட்டம். மூத்தவ நேரா வந்தா. கல்லு மேல கையை வச்சா. "நான் எடுக்கலை"ன்னா. கணீர்னு சொன்னா. சின்னவளைக் கூப்பிட்டாங்க. அவ அசையலை. தலையைக் குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. "பாத்தியா, இவதான் திருடி"ன்னு கூட்டம் கத்துது. எனக்கு அந்தச் சத்தம் கேக்கலை. அந்த மூத்தவ சொன்னதுதான் காதுல நிக்குது. அது என் குரலு. சத்தியமா என் குரலு. உண்மையச் சொல்றவளுக்கு அவ்வளவு கணீர்னு வராதும்மா. அவளுக்கு நாக்கு ஒட்டிக்கும், அழுகை வரும். பொய்யை மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போறவளுக்குத்தான் அப்படி வரும். எனக்குத் தெரியும். முந்தின ராத்திரி பூராவும் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தானே நான் போனேன்.

நான் வச்சது ஒரு கைப்பிடிப் புல்லும்மா. ஒரே ஒரு கைப்பிடி. பவுனு பாத்தா. "வேணாங்க்கா, காத்து சரியில்லை"ன்னா. நான் கேக்கலை.

அவ கல்லை எடுத்து 'நான் வைக்கலை'ன்னு சொல்லியிருந்தா, ஊரு மிச்சம் இருக்கிறவளைத்தான் பாக்கும். ஏழு மாசத்து வயித்துக்காரியைத் தள்ளி வச்சுத் தண்ணி குடுக்காம இருந்தா என்ன ஆகியிருக்கும்? அதுக்குத்தான்டி அவ வாயைத் திறக்கலை. எனக்கு இது எப்பத் தெரியும்னு கேக்காத. தெரியும். அவ தரையைப் பாத்துக்கிட்டு நின்ன அன்னைக்கே தெரியும். என் மகனுக்கு இருபத்தாறு வயசு ஆவுது, கலியாணமும் ஆயிருச்சு. அவன் மூஞ்சியைப் பாக்கிறப்பல்லாம் தெரியும்.

"வெளியே போங்கடி எல்லாரும்! சின்னவ மேல எவளாச்சும் கையை வச்சீங்க, நடக்கிறதே வேற"ன்னு கத்தினேன். வேம்பையன் கூட வெளிய போயிட்டாரு. கடப்பாறையை எடுத்தேன். இருபத்தாறு வருசம் இறுகின சுவரு, லேசுல விடுமா? அரை நாளு ஆச்சு. கல்லைப் பேத்து வெளிய எடுக்கிறேன், வாசப்படியில எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு. சட்டைப் பையிலருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் குடுத்தாரு. மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் நைஞ்சு போன காகிதம். திருப்பூரு, தெருப் பேரு, வீட்டு நம்பரு. எத்தனை வருசமா அதைச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சாரோ. அப்பறம் அடுப்பங்கரைக்குள்ள வந்து, அந்த மண்ணுக்கு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்து, "சோறு போடு"ன்னாரு. பாவி மனுசன், அழுதுட்டேன்.

இந்தா, நீ கண்ணைத் தொடைச்சுக்கோ. எனக்கு ஒண்ணும் இல்லை. நான் ஒண்ணும் காலுல விழுந்து கதறப் போகலை. கல்லைக் கொண்டாந்துருக்கேன், இந்தான்னு நீட்டுவேன். ஆவாரங்காட்டுக்காரி அவ, அதுக்கு மேல அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்க மாட்டேன்னு சொல்லுவாளா? சொல்லட்டும். கதவைச் சாத்தட்டும். அவ வாசல்ல காலை நீட்டி உக்காந்துருவேன். ஜீப்பு முன்னாடி உக்காந்தவடி நான், கதவுக்கா பயப்படுவேன்?

அந்த மேடை ஓட்டையில கல்லை நான் வைக்க மாட்டேன். அவதான் வைக்கணும். ஊரு பூரா நிக்க, வேம்பையன் நிக்க, அந்த மூக்குத்திக்காரிங்க ரெண்டு பேரும் நிக்க, அவ கையால வைக்கணும். 'தையலு கல்லைத் திருப்பினவ'ன்னு எவ சொன்னாலும் ஆமாடின்னு சொல்லுவேன். இதையும் கணீர்னு சொல்லுவேன்.

என்ன, காங்கேயம் வந்துருச்சா? எறங்கு, எறங்கு, பாத்து எறங்கு. பைக்கு ஒரு கை குடுக்கவான்னு கேக்கிறியே, மறுபடியும் பாரு! திருப்பூருல நானே தூக்கிக்கிட்டு எறங்கிக்கிறேன். திரும்பி வர்றப்ப இதே பஸ்ஸுலதான் ஏறுவேன். அப்ப நான் நடு சீட்டுல இருப்பேன், பவுனு சன்னல் ஓரம் இருப்பா, பை அவ மடியில இருக்கும். அவகிட்ட வந்து இந்தக் கண்டக்டரு பையை மேல வையின்னு சொல்லட்டும், பாத்துக்கிறேன்.